சூட்டைக் கூட்டாதீங்க, காத்தைப் பாருங்க

இந்த வாரம் மானிட்டரிங் பத்திப் பேசினப்போ சொல்ல விட்டுப்போன கதை இது.

டொராண்டோவில் நண்பர் ஒருவரின் பீட்சா கடைக்கு பில்லிங் சிஸ்டம் மாத்தப் போயிருந்தேன். கன்வேயர் ஓவனில் இருந்து வந்த பீட்சா எல்லாம் அடி கருகி, மேலே வெளுத்து இருந்தது. திட்டு முழுக்க மாவு தட்டும் பையனுக்கு. நண்பர் சூட்டைக் கூட்டினார், பெல்ட்டை மெதுவாக்கினார். அடி இன்னும் கருகியதுதான் மிச்சம்.

இந்த வகை ஓவனில் பீட்சாவை வேக வைப்பது வேகமாக அடிக்கும் சூடான காற்று. பெல்ட்டுக்கு மேலேயும் கீழேயும் 'ஃபிங்கர்' என்று நீளமான உலோகப் பெட்டிகள் இருக்கும். அவற்றின் ஓட்டைத் தட்டு வழியாகத்தான் காற்று பாயும். எந்த இடத்தில் எந்தத் தட்டு என்பதுதான் அங்கே கான்ஃபிக். முந்தின வாரம் கழுவிட்டு, மேல் தட்டையும் கீழ் தட்டையும் மாத்தி மாட்டியிருக்காங்க! சரியா மாட்டி, பழைய செட்டிங்கே வெச்சோம். சீராக வெந்தது.

என் கருத்து இதுதான்: கைக்கு எட்டுற பட்டனை முதல்ல திருகாதீங்க. ஆப் மெதுவாக ஓடினால் உடனே ரேம் கூட்டுறோமே, அதே தப்பு. கடைசியா என்ன மாறுச்சுன்னு கேளுங்க. ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க. தட்டைக் கழட்டும் முன்னாடி போனில் ஒரு படம் எடுங்க, அதுதான் பேக்கப்.

முக்கியமா, ஆளைத் திட்டும் முன் மெஷினைத் திறந்து பாருங்க. அந்தப் பையனுக்கு ஒரு சாரி இன்னும் பாக்கி இருக்கு.