சுத்தம் பார்த்துத் தோற்றது போதும்

2021 மே 2ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோவை தெற்குத் தொகுதியில் பல சுற்றுகள் முன்னிலையில் இருந்த கமல்ஹாசன், கடைசிச் சுற்றுகளில் பின்தங்கி பா.ஜ.க.வின் வானதி சீனிவாசனிடம் 1,728 வாக்குகளில் தோற்றார். வானதிக்கு 53,209. கமலுக்கு 51,481. தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரசின் மயூரா ஜெயக்குமாருக்கு 42,383.

அந்த 51,481இல் ஒன்று என்னுடையது. அந்த 42,383இல் ஒன்று என் அம்மாவுடையது. ஒரே வீட்டிலிருந்து ஒரே வாக்குச்சாவடிக்குச் சேர்ந்து நடந்துபோனவர்கள் நாங்கள். நான் டார்ச் லைட்டில் குத்தினேன். அம்மா கையில் குத்தினார். துப்புரவு வேலையிலேயே முப்பது வருடத்தைக் கழித்த அம்மா அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நீ ஒருத்தருக்குப் போட்ட, நானொருத்தருக்குப் போட்டேன். கடசீல கெலிச்சது ஆரு சாமி?”

அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிற என்னிடம் அதற்குப் பதில் இல்லை. நான்கு வருடம் கழித்து அந்தக் கேள்வியை நம் தோழர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

தி.மு.க. கூட்டணியின் ஆதரவோடு கமல்ஹாசன் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வாகிவிட்டார். தமிழ்நாட்டில் காலியாகும் 6 இடங்களில் ஒன்று அவருக்கு. உடனே நம் வட்டத்தில் கொதிப்பு. சென்ற வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்தேன்: ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டம் உள்ளிட்ட நம் கோரிக்கைகளை ஒரு திறந்த மடலாக அவருக்கு அனுப்புவோம். யாரும் ஏற்கவில்லை. “அந்த ஆளிடம் கோரிக்கை வைப்பதே இழுக்கு” என்றார் நான் மிகவும் மதிக்கும் ஒரு தோழர். தேவர் மகன் எடுத்தவர், பிறப்பால் பார்ப்பனர், வலதும் இல்லை இடதும் இல்லை என்று ‘மய்யம்’ பேசியவர், மக்களிடம் தோற்றுவிட்டுக் கொல்லைப்புற வழியாகப் போகிறவர். குற்றப்பத்திரிகை இதுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கொல்லைப்புற வழி. 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் அண்ணல் அம்பேத்கர் தோற்கடிக்கப்பட்டார். அதே ஆண்டு மாநிலங்களவை வழியாக நாடாளுமன்றத்துக்குள் போனார். 1956இல் மறையும்வரை அந்த அவையின் உறுப்பினராகவே இருந்தார். 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா போனதும் அங்கேதான். தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று தில்லியின் முகத்துக்கு நேராக அவர் சொன்னது அந்த அவையில்தான். கமலை இவர்களோடு ஒரே தட்டில் வைக்கவில்லை. இவர்களுக்கு வாசலாக இருந்தது இன்னொருவருக்கு மட்டும் கொல்லைப்புறம் ஆகாது என்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து தேவர் மகன். 1992இல் வந்த அந்தப் படம் எந்தச் சாதியின் மீசைக்கு முறுக்கேற்றியது, அதன் பாட்டு எந்தெந்த ஊர்வலங்களில் ஆயுதமாக ஒலித்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கணக்கை நான் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கும் வழியை மாரி செல்வராஜ் காட்டினார். 2023இல் மாமன்னன் பாடல் வெளியீட்டு விழாவில், கமல் அங்கே இருக்கும்போதே, தேவர் மகன் தனக்குள் உண்டாக்கிய வலியைச் சொன்னார். அதில் இசக்கியாக வந்த வடிவேலுவையே மாமன்னன் ஆக்கியதையும் சொன்னார். எதிரில் உட்காரவைத்துக் கேட்டதால்தான் அது கேள்வியானது. அந்த மேடைக்கே போகமாட்டேன் என்று மாரி சொல்லியிருந்தால் அவருடைய சுத்தம் காப்பாற்றப்பட்டிருக்கும். நமக்கு அந்தக் கேள்வி கிடைத்திருக்காது.

பிறப்பு விஷயத்தை விரலை மடக்கிக்கொண்டே எழுதுகிறேன். ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதை வைத்து அவர் நம் பந்தியில் உட்காரலாமா என்று முடிவு செய்வதற்குப் பெயர் என்ன தோழர்களே? எங்கள் தெருவுக்கு அது நன்றாகத் தெரிந்த பழக்கம். பார்ப்பனியத்தை எதிர்ப்பது கருத்தியல். பிறப்பைப் பார்த்துத் தள்ளிவைப்பது தீட்டு. தன் மகள்களின் பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் நிரப்ப மறுத்ததாகச் சொல்பவர், நாத்திகர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். 2019இல் அதே கொங்கு மண்ணில், அரவக்குறிச்சி இடைத்தேர்தல் பிரச்சாரத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் தீவிரவாதி ஓர் இந்து, அவர் பெயர் நாதுராம் கோட்சே என்று பேசி வழக்கை வாங்கிக்கொண்டவரும் அவரே. அந்த ஊரில் அந்தப் பேச்சால் ஓட்டுக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

மய்யம் என்ற குற்றச்சாட்டுதான் கனமானது. அதில் நானும் பாதி உடன்படுகிறேன். பணமதிப்பிழப்பை முதலில் வரவேற்றவர் அவர். கோவைப் பட்டறைகளும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் நொடித்துப்போன நாட்கள் அவை. 2017இல் ஆனந்த விகடனில் எழுதிய தொடரில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 2021இல் இரண்டு அணிகளும் வேண்டாம் என்று தனி அணி கட்டினார். அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் சாதி ஒழிப்புக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை.

ஆனால் கவனியுங்கள். 2021இல் சுத்தம் பார்த்தவர் கமல்தான். இரண்டு கழகங்களும் கறைபட்டவை, நான் தனியாகவே நிற்பேன் என்றார். அதற்கு விலை 1,728 வாக்குகள். கமலும் காங்கிரசும் வாங்கிய வாக்குகளைக் கூட்டினால் 93,864. வானதியைவிட 40,000க்கும் மேல். அந்தத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளில் ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. தனியாக நின்றவருக்கும் கறைபடாத கை மிஞ்சியது, தொகுதி மிஞ்சவில்லை.

அவர் அதிலிருந்து கற்றார் என்பதே என் வாதத்தின் மையம். 2022 டிசம்பரில் தில்லியில் ராகுல் காந்தியின் நடைப்பயணத்தில் நடந்தார். 2023இல் பெரியார் பிறந்த ஈரோட்டுக்கு வந்து, கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் ஈ.வெ.கி.ச. இளங்கோவனுக்கு வாக்குக் கேட்டார். 2024இல் அண்ணாமலை கோவையில் இறங்கியபோது, கமல் எந்தத் தொகுதியிலும் நிற்காமல் கூட்டணிக்காகப் பிரச்சாரம் செய்தார். 2019இல் கோவை மக்களவைத் தொகுதியில் மக்கள் நீதி மய்யம் வாங்கியது ஏறத்தாழ 1.45 லட்சம் வாக்குகள். 2024இல் தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் அண்ணாமலையை வென்ற வித்தியாசம் 1,18,068. அந்த வாக்குகள் எல்லாம் அப்படியே இங்கே வந்து விழுந்தன என்று நான் சொல்லமாட்டேன். அது ஆய்வாளன் சொல்லக்கூடிய பேச்சில்லை. ஆனால் டார்ச் லைட் தனியாக எரிந்திருந்தால் அந்த வித்தியாசம் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்கவும் முடியாது. அந்தத் தேர்தலில் நானும் அம்மாவும் ஒரே சின்னத்தில் குத்தினோம்.

இந்த மாநிலங்களவை இடம் 2024 மார்ச்சில் ஊரறியப் போட்ட ஒப்பந்தம். மக்களவையில் நிற்காததற்கு ஈடாக 2025இல் ஓர் இடம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு இன்னொரு கட்சியை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது எந்த முகத்தோடு கேட்பது?

“அந்த இடத்தை ஓர் அருந்ததியருக்குக் கொடுத்திருக்கலாமே?” என்று கேட்ட தோழருக்கு மட்டும் நான் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டும். நானும் அருந்ததியன். கொங்கு நாட்டின் சாக்கடையும் தோல் பட்டறையும் தோட்டத்துப் பண்ணையமும் எங்கள் முதுகில் ஓடின. 2009இல் வந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடுதான் என்னைப் போன்றவர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. பா.ஜ.க. நாமக்கல் மாவட்டத்து எல். முருகனை மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்கு அனுப்பி அமைச்சராக்கி, எங்கள் தெருக்களில் சுவரொட்டி ஒட்டுகிறது. அது எங்களுக்குள் வேலை செய்கிறது. ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் அறிவாலயம். தன் கட்சிக்கென ஒப்பந்தத்தில் வந்த இடத்தில் போகிறவரிடம் கேட்டுப் பயனில்லை. 2026 வருகிறது. அவிநாசி, தாராபுரம் போன்ற தனித்தொகுதிகளோடு நிறுத்தாமல் பொதுத்தொகுதியில் ஓர் அருந்ததியரை நிறுத்துங்கள் என்று கேட்போம். அதற்கு உள்ளே ஒரு குரல் வேண்டும். வெளியே நின்று கதவைச் சாத்திக்கொண்டு யாரைக் கேட்பது?

உள்ளே இருந்து கேட்டால் நடக்கிறதா? நடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக. 2024இல் நாமக்கல்லில் கூட்டணிக் கட்சியான கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி அறிவித்த முதல் வேட்பாளரின் பழைய பேச்சு வெளியே வந்தது. தங்கள் சாதிப் பெண்ணைத் திருமணம் செய்பவரைக் கொல்வோம் என்ற பேச்சு. எதிர்ப்புக் கிளம்பியது, வேட்பாளர் மாற்றப்பட்டார். கட்சி அதே கட்சிதான். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு விலை உண்டு என்று கொங்கு மண்டலத்தில் முதல்முறையாக எழுதப்பட்டது. கோகுல்ராஜ் கொல்லப்பட்ட 2015இலும், உடுமலைப்பேட்டை நடுச்சாலையில் சங்கர் வெட்டப்பட்ட 2016இலும் அந்த விலை இல்லை.

மாநிலங்களவையில் ஓர் ஆள் என்ன செய்துவிட முடியும் என்பவர்களுக்கு இரண்டு கணக்குகள். 2019 ஜனவரியில் உயர்சாதியினருக்கான 10 விழுக்காடு ஒதுக்கீடு அங்கே நிறைவேறியபோது ஆதரவு 165, எதிர்ப்பு வெறும் 7. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் 125க்கு 105 என்று நிறைவேறியது. அந்த 125இல் அ.தி.மு.க.வின் 11 வாக்குகளும் பா.ம.க.வின் ஒரு வாக்கும் அடக்கம். அந்தப் பன்னிரண்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் 113க்கு 117. கோட்டைமேட்டில் குடியிருக்கும் என் நண்பனுக்கு அந்தப் பன்னிரண்டு வெறும் எண் இல்லை.

தந்தை பெரியார் 1925இல் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அந்தக் கட்சியை ஒழிப்பதே தன் வேலை என்றார். குலக்கல்வித் திட்டம் ராஜாஜியை வீழ்த்தி 1954இல் காமராசர் முதல்வரானபோது, அதே காங்கிரசின் காமராசரை ஆதரித்தார். குடியாத்தம் இடைத்தேர்தலில் தொடங்கி 1967வரை ஆதரித்தார். காமராசர் நாத்திகர் இல்லை, பெரியாரியவாதியும் இல்லை. பள்ளிக்கூடம் திறப்பாரா என்று மட்டும் பெரியார் பார்த்தார். அண்ணல் அம்பேத்கரும் காலமெல்லாம் எதிர்த்த காங்கிரசின் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக உட்கார்ந்தார். இந்து சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டபோது எழுந்து வெளியேறினார். உட்காரவும் தெரிந்திருந்தது, எழுந்திருக்கவும் தெரிந்திருந்தது. நம் தோழர்கள் இரண்டாவதை மட்டும் பாடமாகப் படித்திருக்கிறார்கள்.

கமலுக்குச் சுவரொட்டி ஒட்டச் சொல்லவில்லை. பாலாபிஷேகம் செய்யச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கணக்குச் சீட்டு எழுதுவோம் என்கிறேன். ஒன்று: ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டுத் தனிநபர் மசோதா. அது நிறைவேறாது என்று தெரியும். அவைக் குறிப்பில் கோகுல்ராஜ், சங்கர் பெயர்கள் ஏறட்டும். இரண்டு: மலக்குழி மரணங்களில், உச்சநீதிமன்றம் 2023இல் சொன்ன 30 லட்சம் இழப்பீடு எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்வி. மூன்று: தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. மாநிலங்களவை உறுப்பினர் அதை மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் செலவிடலாம். அவரைத் தோற்கடித்த கோவைக்கு வரட்டும். 2019 டிசம்பரில் சுவர் இடிந்து 17 பேர் செத்துப்போன மேட்டுப்பாளையம் நடூருக்கும், அதைப் போன்ற குடியிருப்புகளுக்கும் படிப்பகமாக வரட்டும்.

செய்தால் ஏற்போம். செய்யாவிட்டால் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்போம். கேட்பதற்குச் சீட்டு நம் கையில் இருக்க வேண்டும். சீட்டே எழுதமாட்டேன் என்பவருக்குக் கடனை வசூலிக்கும் உரிமையும் இல்லை.

அடுத்த ஞாயிறு வாசிப்பு வட்டம் கூடுகிறது. மடலை எழுதி எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். யாரும் கையெழுத்துப் போடாவிட்டாலும் இரண்டு கையெழுத்து உறுதி. ஒன்று என்னுடையது. இன்னொன்று, ஊரையே சுத்தம் செய்துவிட்டு வந்தும் ‘சுத்தமில்லை’ என்று தள்ளிவைக்கப்பட்ட என் அம்மாவுடையது. அவரிடம் போய்ச் சுத்தத்தின் அருமையை விளக்க விரும்பும் தோழர்கள் வீட்டுக்கு வரலாம். டீ போட்டுத் தருவார். கடைசியில் அதே கேள்வியையும் கேட்பார்: கெலிச்சது ஆரு சாமி?