ஒழுக்கத்தின் காவலர் யார்?

2025 ஜூலையில், கணினி விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' தளம் பாலியல் விளையாட்டுகள் பலவற்றை நீக்கியது. 'இட்ச்' என்னும் மற்றொரு தளம், வயதுவந்தோருக்கான படைப்புகள் அனைத்தையும் முன்னறிவிப்பின்றித் தேடலிலிருந்து மறைத்தது. அரசு ஆணையிடவில்லை, நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. பணப் பட்டுவாடா நிறுவனங்களின் நெருக்கடியே காரணம். வன்புணர்வைப் பொழுதுபோக்காக்கிய விளையாட்டுகளை எதிர்த்து, ஆஸ்திரேலியாவின் 'கலெக்டிவ் ஷவுட்' இயக்கம் அந்நிறுவனங்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதியிருந்தது.

"தீமை ஒழிந்தால் போதாதா? யார் ஒழித்தால் என்ன?" என்று நம்மவர் கேட்கக்கூடும். போதாது என்பதே நமது மறுமொழி.

சிறார்களைச் சீரழிக்கும் காணொளிகள் 'போர்ன்ஹப்' தளத்தில் இருப்பதை, 2020 டிசம்பரில் நிக்கலஸ் கிறிஸ்டாஃப் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அம்பலப்படுத்தினார். சில நாள்களிலேயே விசாவும் மாஸ்டர்கார்டும் அங்குத் தம் அட்டைகளுக்குத் தடை விதித்தன. பாதிக்கப்பட்டோர் உயிருள்ள பிள்ளைகள். நடந்தது சட்டப்படி குற்றம். அத்தடையை நாம் வரவேற்கிறோம். ஆயினும், செய்தியாளர் ஒருவர் எழுதும்வரை அந்நிறுவனங்களின் மனச்சான்று உறங்கியது ஏன்?

2025இல் நிகழ்ந்ததோ வேறு. களையைப் பிடுங்குவதாகச் சொல்லிக் கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கினர். பொறுப்பை ஏற்கத்தான் ஆளில்லை. தான் எந்த விளையாட்டையும் மதிப்பிடவில்லை என்றது மாஸ்டர்கார்ட். இடைநிலை நிறுவனங்கள் மாஸ்டர்கார்டின் விதியையே காட்டித் தம்மை மறுத்தன என்றது ஸ்டீமை நடத்தும் வால்வ். பிலாத்துவின் தண்ணீர்ப் பாத்திரம் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது!

இந்தக் கதவு காமத்திற்கு மட்டுமே அடைபடும் என எண்ண வேண்டாம். 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸுக்கான நன்கொடைகளை விசா, மாஸ்டர்கார்ட், பேபால் ஆகியவை நிறுத்தின. அப்போதும் நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் இல்லை. தம் பெயருக்குக் களங்கம் நேருமோ என்ற அச்சமே அளவுகோலானால், நாளை ஏழைக்காகக் குரல் கொடுப்போரின் உண்டியலும் மூடப்படலாம். அன்று நாம் எங்கே முறையிடுவோம்?

இச்சையை வணிகமாக்குவது பாவமே; அதில் நமக்கு இம்மியளவும் ஐயமில்லை. குற்றமெனில் சட்டம் வெளிப்படையாக விசாரித்துத் தண்டிக்கட்டும். பாவமெனில் இல்லமும் மறைபரப்பும் மனச்சான்றும் அதனோடு போராடட்டும். அக்கடமையை நாம் காசுக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குவோமானால், அவர் தமக்கு நட்டமில்லாத வரையில்தான் நம் பிள்ளைகளைக் காப்பார்.