பெட்டியில் அச்சிட்ட வேகமும் மேசையில் கிடைக்கும் வேகமும்

மின்னல் அடித்த இரவுக்கு மறுநாள் பழுதுபார்க்க வரும் மேசைக்கணினிகளில் ஒரே கோளாறு திரும்பத் திரும்பக் காணப்படுவது இத்தொழிலில் உள்ளோருக்குப் புதிதன்று. கணினி வழக்கம்போல் இயங்கும். மதர்போர்டில் உள்ள லேன் போர்ட் மட்டும் செத்துப் போயிருக்கும். மொட்டைமாடி வழியாக வீட்டுக்குள் இறக்கப்பட்ட செப்புக் கேபிள் மின்னெழுச்சியைச் சுமந்து வரும்போது முதலில் பலியாவது பெரும்பாலும் அந்தப் போர்ட்டே ஆதலாலும், அது ஒன்றுக்காக மதர்போர்டையே மாற்றுவது எவருக்கும் கட்டுப்படியாகாது ஆதலாலும், யுஎஸ்பி வழியாகப் பொருத்தும் அடாப்டர் ஒன்றைச் செருகி வேலையை முடிப்பது வழக்கமாகியுள்ளது. வைஃபை வசதி இல்லாமல் வாங்கப்பட்ட பழைய கணினிகளுக்கும் இதுவே கைகண்ட தீர்வு. அந்த அடாப்டர் லேன் கேபிளை ஏற்கும் ஈதர்நெட் அடாப்டராக இருக்க வேண்டுமா, காற்றில் வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் வைஃபை டாங்கிளாக இருக்க வேண்டுமா என்னும் கேள்வியோ, கடையின் இழுப்பறையில் அன்று எது கையிருப்பில் உள்ளது என்பதைப் பொறுத்து அரை நிமிடத்தில் முடிவு செய்யப்பட்டுவிடுகிறது.

இடம்பெயராத கணினிக்கு முதலில் கேபிளையே எண்ணிப் பார்க்க வேண்டும், கேபிள் இழுக்க இயலாது என்பது உறுதியான பின்னரே டாங்கிளுக்கு வர வேண்டும் என்பது இவ்விதழின் கருத்து. வைஃபை தாழ்ந்த தொழில்நுட்பம் என்பதன்று இதற்குக் காரணம். வைஃபையைக் கணினிக்குக் கொண்டு சேர்க்கும் வழிகளுள் யுஎஸ்பி டாங்கிளே மிகவும் பலவீனமானது என்பதுதான்.

இரு வகை அடாப்டர்களுக்கும் பொதுவான முதல் வரம்பு யுஎஸ்பி பாதை. 1998இல் வந்த யுஎஸ்பி 1.1 வினாடிக்கு 12 மெகாபிட்டும், 2000இல் வந்த யுஎஸ்பி 2.0 480 மெகாபிட்டும், 2008இல் வந்த யுஎஸ்பி 3.0 5 கிகாபிட்டும் கடத்தும் என்பது ஏட்டுக் கணக்கு. யுஎஸ்பி 3.0இல் அனுப்பப்படும் ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 மட்டுமே தரவு என்பதால் 5 கிகாபிட் அங்கேயே 4 கிகாபிட்டாகக் குறைந்துவிடுகிறது; யுஎஸ்பி 2.0இலோ கணினிக்கும் கருவிக்கும் இடையே நடக்கும் கேள்வி-பதில் செய்திகள் கணிசமான நேரத்தை விழுங்குவதால் நிகர வேகம் 300 மெகாபிட்டை ஒட்டியே நின்றுவிடுகிறது. 2018இல் வெளிவந்த ராஸ்பெரி பை 3 பி பிளஸ் என்னும் சிறு கணினியில் கிகாபிட் ஈதர்நெட் போர்ட் யுஎஸ்பி 2.0 பாதையின் வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. உச்ச வேகம் 300 மெகாபிட்தான் என்று தயாரிப்பாளர்களே அதன் விவரக்குறிப்பில் எழுதியிருந்தனர். சந்தையில் விற்கும் அடாப்டர் பெட்டிகளில் இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் வீட்டு இணையத் திட்டம் 100 அல்லது 200 மெகாபிட்டாக இருக்குமானால் யுஎஸ்பி 2.0 கிகாபிட் அடாப்டரே தாராளமாகப் போதும் என்பதையும், அத்தகைய வாடிக்கையாளரிடம் விலை கூடிய ஒன்றைத் திணிப்பது தேவையற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யுஎஸ்பி 3.0 அடாப்டரை யுஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகிய பின்னும் வேகம் 300ஐத் தாண்டவில்லை என்னும் புகாருக்குப் பல வேளைகளில் காரணம் செருகிய விதமே. அந்தச் செருகியில் முன்வரிசையில் உள்ள 4 தொடுமுனைகள் பழைய யுஎஸ்பி 2.0க்கு உரியவை, உள்ளே தள்ளி அமைந்த 5 தொடுமுனைகளே அதிவேகப் பாதை. மெதுவாகச் செருகும்போது முன்வரிசை முதலில் தொட்டுவிடுவதால் கணினி அதை 480 மெகாபிட் கருவியாகவே பதிந்துகொள்ளக்கூடும். கழற்றி ஒரே அழுத்தில் விரைவாகச் செருகினால் சரியாகிவிடும். லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி கருவிகளைக் கிளை வடிவில் பட்டியலிடும் கட்டளை, ஒவ்வொரு கருவிக்கும் எதிரே 12, 480, 5000 என்று பேசி முடிவான வேகத்தைக் காட்டிவிடும். மிக மலிவான 100 மெகாபிட் அடாப்டர்கள் சிலவற்றைச் செருகிப் பார்த்தால் அங்கே 12 என்று வருவதும் உண்டு, யுஎஸ்பி 1.1 சில்லை வைத்துக்கொண்டு 2.0 என்று அச்சிட்டு விற்கப்படுபவை அவை. இவ்வகையில் வேறொரு தொல்லையும் உண்டு: வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் தனித்து அடையாளம் காட்ட வேண்டிய மேக் முகவரி, ஒரே வார்ப்பில் வந்த பல அடாப்டர்களுக்கு ஒன்றாகவே இருந்துவிடுவதால், ஒரு வீட்டில் இரண்டு வாங்கி மாட்டினால் இரண்டும் மாறிமாறி அறுந்துகொண்டிருக்கும்.

இவற்றைக் கடந்துவிட்டால் கம்பிவழி அடாப்டரில் பேச அதிகமில்லை. ஈதர்நெட் கேபிளில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். முழு இருவழி எனப்படும் இந்த முறையில் கிகாபிட் இணைப்பு ஒன்று, தரவுப் பொட்டலங்களின் தலைப்புத் தகவல்கள் போக, ஏறத்தாழ 940 மெகாபிட் நிகர வேகத்தைத் தரவல்லது. தரமான யுஎஸ்பி 3.0 அடாப்டர்களும் அதை எட்டிவிடுகின்றன. குறை வந்தால் அது பெரும்பாலும் கேபிளில்தான் இருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைக் கம்பிகள் போதும், 1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட்டுக்கோ நான்கு இணைகளும் வேண்டும். ஆர்ஜே 45 முனையில் கிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படும் இணைகளில் ஒரே ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாமல் போனாலும் பெரும்பாலான அடாப்டர்கள் ஓசையின்றி 100க்கு இறங்கிவிடும், விளக்கோ எரிந்துகொண்டேதான் இருக்கும். அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசி விற்கப்படும் மலிவுக் கேபிள்களில் மின்தடையும் கூடுதல், வளைவில் ஒடியும் வாய்ப்பும் கூடுதல். கட்டட வலையமைப்புக்கான தர விதிகள் முழுச் செம்பையே கோருகின்றன என்பது தெரிந்திருந்தும், சுருளுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்பதற்காக இக்கேபிள் சுவருக்குள் புதைக்கப்படுவது இத்தொழிலுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

வைஃபை டாங்கிளின் கணக்கு இவ்வளவு எளிதன்று. வைஃபையில் ஒரு சேனலை ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே பயன்படுத்த முடியும். மற்றவை கேட்டுக் காத்திருந்து, காற்று காலியானதும் தம் முறையை எடுத்துக்கொள்ளும். இந்த அரை இருவழி முறையால், திரையில் காட்டப்படும் இணைப்பு வேகத்தில் பாதியோ சற்று மேலோதான் நிகர வேகமாகக் கிடைக்கும். இதோடு பெட்டியில் உள்ள எண்ணும் கூட்டுத்தொகையாக இருக்கிறது: ஏசி 1200 என்று விற்கப்படும் டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்சில் 300 மெகாபிட்டும் 5 கிகாஹெர்ட்சில் 867 மெகாபிட்டும் எட்டும் என்பதைக் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஆனால் டாங்கிள் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணைந்திருக்கும். 150 மெகாபிட் என்று விற்கப்படும் நகத்தளவு டாங்கிளின் நிலை இன்னும் பரிதாபமானது. 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் கிடைத்தால் மட்டுமே 150 சாத்தியம். ஒன்றையொன்று தழுவாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே உள்ள 2.4 கிகாஹெர்ட்சில், அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அனைத்தும் நெருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், அது 20 மெகாஹெர்ட்சுக்குச் சுருங்கி இணைப்பு வேகம் 72ஆக நிற்கும். கைக்குக் கிடைப்பது 40 அல்லது 50.

எண்களைவிட இடமே இங்கு பெரிய சிக்கல். ரூட்டரின் ஆன்டெனாக்கள் கூடத்தின் சுவரில் உயரத்தில் நிற்க, டாங்கிளின் ஆன்டெனாவோ மேசைக்கடியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இரும்புக் கேபினெட்டின் பின்புறம், சுவரைப் பார்த்தபடி ஒளிந்திருக்கிறது. ரூட்டருக்கும் அதற்கும் இடையே செங்கல் சுவரோ கான்கிரீட் தூணோ நிற்பது போதாதென்று, கேபினெட்டின் உலோகத் தகடே ஒரு பக்கத்தை முற்றிலும் மறைத்துவிடுகிறது. அறையில் எஃகு பீரோ இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு மேல் கணினியே இரைச்சலை உண்டாக்குகிறது என்பது இத்துறையில் போதிய கவனம் பெறாத செய்தி. யுஎஸ்பி 3.0 பாதையில் வினாடிக்கு 5 கிகாபிட் ஓடும்போது அதன் மின்காந்தக் கசிவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, யுஎஸ்பி 3.0 வன்வட்டு ஒன்றை இணைத்த மாத்திரத்தில் அப்பகுதியின் இரைச்சல் மட்டம் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு, உயரக்கூடும் என்று அளந்து காட்டியது; அந்த இரைச்சல் வைஃபை பயன்படுத்தும் அதே அலைவரிசைக்குள்ளேயே விழுவதால் வடிகட்டிப் பிரிக்கவும் வழியில்லை என்றும் அவ்வறிக்கை விளக்கியது. ஆகவே பேக்கப் எடுக்கும்போது மட்டும் இணையம் படுத்துவிடுகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் ரூட்டரை மாற்றுவதற்கு முன், வன்வட்டும் டாங்கிளும் அடுத்தடுத்த போர்ட்டுகளில் உள்ளனவா என்று பார்த்துவிடுவது நல்லது. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மாட்டி மேசைக்கு மேலே கொண்டுவந்து, இயன்றால் 5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றினால், இடச் சிக்கலும் இரைச்சல் சிக்கலும் ஒருசேரக் குறைகின்றன. டாங்கிளோடு நீட்டிப்புக் கேபிளையும் சேர்த்தே விற்க வேண்டும் என்பது விற்பனைத் தந்திரம் ஆகாது.

கேபிளை ரூட்டர் வரை இழுக்க இயலாத வீடுகளுக்கும் கேபிளின் பயனை ஓரளவு கொண்டு சேர்க்கலாம். பயனற்றுக் கிடக்கும் பழைய இரட்டை அலைவரிசை ரூட்டரைக் கிளையன்ட் முறையில், அதாவது வைஃபையைத் தான் பெற்றுத் தன் லேன் போர்ட்டுகளில் வழங்கும் முறையில், அமைத்து, அறையில் சமிக்ஞை நன்றாக உள்ள இடத்தில் உயரத்தில் வைத்து, அங்கிருந்து கணினிக்கு ஐந்தாறு மீட்டர் லேன் கேபிள் விட்டால் போதும். ஆன்டெனாவின் இடத்தைக் கணினியின் இடத்திலிருந்து பிரித்துவிடும் இந்த ஏற்பாடு, யுஎஸ்பி டாங்கிளைப் பெரும்பாலும் விஞ்சிவிடும். எல்லா ரூட்டர்களிலும் இம்முறை இல்லை என்பது மட்டுமே தடை.

டிரைவர் எனப்படும் இயக்கு மென்பொருளைப் பொறுத்தவரை, கம்பிவழி அடாப்டர்கள் பெரும்பாலும் செருகியவுடன் இயங்கிவிடுகின்றன. வைஃபை டாங்கிள்களில் சில முதலில் தம்மைக் குறுவட்டாகக் காட்டிக்கொண்டு, அதிலுள்ள விண்டோஸ் டிரைவரை நிறுவிய பின்னரே வைஃபை கருவியாக மாறுகின்றன. லினக்சில் இம்மாற்றத்தைத் தனியே செய்விக்க வேண்டியிருப்பதால், வாங்கும் முன் சில்லின் பெயரைக் கேட்டறிவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க அனுமதி இல்லாதவருக்கும், மின்னஞ்சலும் செய்தியும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவருக்கும் டாங்கிள் குறையுள்ள தேர்வன்று. இணையவழி வகுப்பு, காணொளிக் கூட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்குக் கணினியைப் பயன்படுத்துவோரிடம்தான் வேறுபாடு தெரியவரும். அங்கே தொல்லை தருவது சராசரி வேகக் குறைவைவிடத் தாமதத்தின் ஏற்ற இறக்கமே. கேபிளில் ரூட்டர் வரையிலான தாமதம் ஒரு மில்லி வினாடியை ஒட்டி அசையாமல் நிற்க, வைஃபையில் அது இரண்டுக்கும் பல பத்துகளுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும்.

எந்த அடாப்டர் பொருத்தப்பட்டாலும் பில்லில் அதன் பெயரோடு மூன்று அளவுகளையும் எழுதித் தருவதைத் தொழிலாளர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று இவ்விதழ் பரிந்துரைக்கிறது: யுஎஸ்பி போர்ட்டில் பதிவான வேகம், ரூட்டருடனான இணைப்பு வேகம், கணினி வழக்கமாக இருக்கும் இடத்திலேயே அளந்த நிகர வேகம். மூன்றாவதை இணைய வேகச் சோதனையால் மட்டும் அளந்தால் சேவை நிறுவனத்தின் நெரிசலும் அதில் கலந்துவிடும். ரூட்டரில் கேபிளால் இணைத்த மடிக்கணினி ஒன்றுக்கு, ஐபெர்ஃப் என்னும் வேகம் அளக்கும் மென்பொருள் கொண்டு அளப்பதே சரியானது, அதற்குப் பத்து நிமிடம் கூடத் தேவைப்படாது.