வாலிபர் கவலையும் பெரியவர் கடமையும்

பூமி சூடேறுகிறது, பருவம் தவறுகிறது, கடல் உயருகிறது என்று படித்துத் தெரிந்துகொண்ட பிள்ளைகள், "எங்கள் காலத்தில் இந்த உலகம் என்ன கதியாகும்?" என்று கவலைப்படுகிறார்கள். சிலருக்குத் தூக்கமில்லை, சிலருக்குப் பாடத்தில் மனம் செல்லுவதில்லை. இதற்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பதிலென்ன? "கலி முற்றிவிட்டது, எல்லாம் அவன் செயல்" என்கிறார் ஒருவர். "வேலையற்ற யோசனை, போய்ப் படி" என்கிறார் மற்றொருவர். "மந்திரித்துத் தாயத்துக் கட்டு" என்கிறார் வேறொருவர். கேட்டவன் வாயை அடைக்கும் யோக்கியதை தவிர இந்தப் பதில்களுக்கு வேறு என்ன யோக்கியதை உண்டு என்று கேட்கின்றோம்.

பயத்திலும் இரண்டு விதமுண்டு. பேய்க்குப் பயந்தவனுக்குப் பேய் இல்லையென்று காட்டினால் பயம் தீர்ந்தது. ஆனால் இந்தப் பயத்திற்குக் காரணம் உண்மையில் இருக்கிறதே! நிலக்கரியை எரித்தால் உண்டாகும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்று சுவீடன் தேசத்து அர்ரேனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டார். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 1958-ல் சுமார் 315 பங்காக இருந்த அவ்வாயு, 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் சூடேறினால் புயலுக்கு வலு ஏறும். 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரே இரவில் தென்னந்தோப்புகள் சாய்ந்ததைக் கண்ட பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, அடுத்த புயல் எச்சரிக்கை கேட்டு நடுங்கினால் அது பைத்தியமா?

இது ஓரிருவர் சங்கதியுமல்ல. 2021-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தியா உள்பட 10 தேசங்களில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரைக் கேட்டார்கள். 100-க்கு 59 பேர் மிகுந்த கவலை என்றார்கள். 45 பேருக்கு மேல் அன்றாட வாழ்க்கையே கெடுகிறது என்றார்கள். இதைப்பற்றிப் பிறரிடம் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், தங்கள் பேச்சு அலட்சியம் செய்யப்பட்டதாகவும் சொன்னார்கள். சூடு ஒரு துன்பம். வீட்டாரின் அலட்சியம் அதன்மேல் இன்னொரு துன்பம்.

பெரிய இடத்து யோக்கியதையும் இதுதான். 2019-ல் சென்னை குடிநீருக்குத் தவித்தபோது, அறநிலையத் துறை கோயில்களில் மழைக்கு யாகமும் ஜபமும் செய்யச் சுற்றறிக்கை அனுப்பிற்று. ஏரியைத் தூர்த்தவன் மனிதன், புகையை விட்டவன் மனிதன். மனு மாத்திரம் வருணனுக்கா?

அதே 2019-ல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் என்ன செய்தார்கள்? கடல் தங்கள் தீவுகளை விழுங்கிவிடும் என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் கூடிப் பேசி, வனுவாட்டு சர்க்காரைத் தூண்டி, ஐக்கிய நாடுகள் சபை வழியாக வழக்கை ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். பருவநிலையைக் காப்பது தேசங்களின் சட்டக் கடமை என்று 2025 ஜூலையில் அந்நீதிமன்றம் அபிப்பிராயம் சொல்லிற்று. அதனால் கடல் இறங்கிவிடவில்லை. ஆனால் தனியாக அழுத பயம் கூட்டாகக் கேட்ட கேள்வியாயிற்று.

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளை இக்கவலையைச் சொன்னால் முதலில் முழுவதும் கேளுங்கள். "ஒன்றும் ஆகாது" என்று பொய் சொல்லாதீர்கள். "எல்லாம் போயிற்று" என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் உண்மையல்ல. குறைக்கும் ஒவ்வொரு பங்குச் சூட்டுக்கும் பலனுண்டு. ஊர் ஏரிக்கும், மரத்திற்கும், பஞ்சாயத்தில் கேள்வி கேட்பதற்கும் அவர்களோடு நீங்களும் போங்கள். தூக்கமும் ஆகாரமும் கெட்டால், தாயத்துக் கட்டாமல் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசியிலும் பேசலாம். இதில் வெட்கமென்ன?

எதையும் ஏன் என்று கேள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்கள் நம்மையே கேட்கும்போது ஓடி ஒளிவது யோக்கியமாகுமா?