பொட்டலத்தின் பின்னால் ஒரு காடு

மிக்சர் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கப் பொடியெழுத்தைப் படித்தால் பெரும்பாலும் ‘பாமோலின்’ என்றிருக்கும். அதுவும் பாமாயில்தான். பல பிஸ்கட்டுகளிலும் உடனடி நூடுல்ஸிலும் அதேதான். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்குச் சுமார் 80 லட்சம் டன். பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. அங்கே சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஒராங்குட்டான்கள் வாழ்ந்த மழைக்காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகிவிட்டன. சதுப்புக் காட்டில் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், அடியிலுள்ள கரிமண் காய்ந்து எளிதில் தீப்பிடிக்கும். 2015இல் அப்படி எழுந்த புகை சிங்கப்பூர்வரை மூச்சை அடைத்தது.

ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் வாங்கும் குடும்பத்திடம் அதைக் கைவிடச் சொல்வது அநியாயம். எல்லாரும் கடலை எண்ணெய்க்கு மாறிவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியல்ல. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயை நிலக்கடலையில் எடுக்கப் பல மடங்கு நிலம் வேண்டும். எண்ணெயை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே நேர்மையான வழி. அதை வசதியுள்ள வீடுகள் தொடங்கட்டும். மாலையில் பொட்டலத்தைப் பிரிப்பதற்குப் பதில் சுண்டல் செய்தால் தாளிக்க ஒரு கரண்டி எண்ணெய் போதும். இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அதுகூட வேண்டாம். ஒரு வீடு குறைத்து என்ன ஆகும் என்று கேட்பார்கள். இத்தனை லட்சம் டன்னிலும் ஒவ்வொரு வீட்டின் பங்கும் இருக்கிறதல்லவா?