"எல்லா இனத்தவரும் வாங்கலாம்": வீவக வீட்டு விளம்பரத்தில் இந்த வரி எதுக்கு?

வீவக மறுவிற்பனை வீடுகளைத் தேடிப் பார்த்தவர்களுக்குப் பழகிப்போன வரி இது: "நாலறை வீடு, எம்ஆர்டி பக்கத்திலேயே, எல்லா இனத்தவரும் வாங்கலாம்." அறை எண்ணிக்கையும் எம்ஆர்டியும் புரிகிறது. இனத்தை ஏன் சொல்ல வேண்டும்?

காரணம், இன ஒருங்கிணைப்புக் கொள்கை. உங்கள் வீட்டை யார் வாங்கலாம் என்பதையும், சில சமயம் அதன் விலையையும் அது தீர்மானிக்கிறது.

எப்போது வந்தது?

1989 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வீவக வீடுகளை ஒதுக்கும்போது இனங்கள் கலந்திருந்தாலும், மறுவிற்பனை வழியாகச் சில பேட்டைகளில் ஒரே இனத்தவர் மீண்டும் குவியத் தொடங்கினர். பிடோக், தெம்பனிஸ் வட்டாரங்களில் மலாய்க்காரர்கள், ஹவ்காங்கில் சீனர்கள். அதைத் தடுக்கத்தான் பேட்டைக்கும் புளோக்குக்கும் தனித்தனியாக வரம்பு வைத்தார்கள்.

வரம்பு எவ்வளவு?

- சீனர்கள்: பேட்டையில் 84%, புளோக்கில் 87%
- மலாய்க்காரர்கள்: பேட்டையில் 22%, புளோக்கில் 25%
- இந்தியர்களும் மற்ற இனத்தவரும்: பேட்டையில் 12%, புளோக்கில் 15%

இந்தியர்களும் மற்ற இனத்தவரும் ஒரே பிரிவில் வருவதைக் கவனியுங்கள். அந்தப் பிரிவின் வரம்பு 2010இல்தான் இந்த அளவுக்கு உயர்த்தப்பட்டது.

பலர் குழம்பும் இடம்

"இந்தியர் கோட்டா நிரம்பிடுச்சு, அதனால வீட்டை விற்க முடியலை" என்று சிலர் சொல்வதுண்டு. உண்மை கிட்டத்தட்ட தலைகீழ்.

விதி ஒன்றுதான்: வரம்பை எட்டிய இனத்தின் பங்கு, விற்பனைக்குப் பிறகு கூடக் கூடாது.

100 வீடுகள் உள்ள ஒரு புளோக்கை எடுத்துக்கொள்வோம். அதில் 87 சீனக் குடும்பங்கள். சீனர் ஒருவர் இன்னொரு சீனருக்கு விற்றால் எண்ணிக்கை மாறாது, 87தான். அனுமதி உண்டு. இந்தியர் ஒருவர் சீனருக்கு விற்றால் 88 ஆகிவிடும். அனுமதி இல்லை. அவர் இந்தியருக்கோ மற்ற இனத்தவருக்கோ விற்கலாம். மலாய்க்காரர் வரம்பு நிரம்பாதிருந்தால் அவர்களுக்கும் விற்கலாம்.

அதாவது, இந்தியர் ஒருவர் விற்கும்போது அவர் கையைக் கட்டிப்போடுவது இந்தியர் வரம்பல்ல, சீனர் வரம்பு. இந்தியர் வரம்பு மட்டும் நிரம்பிய புளோக்கில் இந்தியர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அங்கே சிக்கல் வாங்க வரும் இந்தியருக்குத்தான்: இன்னொரு இந்தியரிடமிருந்தோ மற்ற இனத்தவரிடமிருந்தோ மட்டுமே அவர் வாங்க முடியும்.

விலை ஏன் குறைகிறது?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சிங்கப்பூர்வாசிகளில் 74.3% சீனர்கள், 13.5% மலாய்க்காரர்கள், 9% இந்தியர்கள். சீனர்களுக்கு விற்க முடியாது என்றால் சந்தையின் பெரும்பகுதிக் கதவு மூடிவிடுகிறது. வாங்க வருபவர்கள் குறைவு, வீடு விற்க நாளாகும், கடைசியில் விலையைக் குறைக்க வேண்டிவரும். அதே புளோக்கில், அதே அளவு வீட்டை விற்கும் சீனருக்கு அந்த நெருக்கடி இல்லை.

இதில் இளம் தம்பதிகள் யோசிக்க வேண்டிய விஷயமும் உண்டு. இப்படிப்பட்ட வீட்டை ஓர் இந்தியக் குடும்பம் மலிவாக வாங்கலாம். ஆனால் நாளை அவர்கள் விற்கும்போதும் சீனர் வரம்பு நிரம்பியே இருந்தால், அதே தள்ளுபடியை அவர்களும் கொடுக்க வேண்டியிருக்கும்.

உதவி இருக்கிறதா?

சிரமப்படுவோர் வீவகவிடம் மேல்முறையீடு செய்யலாம். 2022இல் இன்னொரு வழியும் வந்தது: உண்மையாகவே முயன்றும் விற்க முடியாமல் தவிக்கும் தகுதியுள்ள உரிமையாளர்களிடமிருந்து வீவக வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் அது கடைசி வழி. எல்லாருக்கும் கிடைக்காது.

வாங்குவதற்கு முன்...

- இந்தியர் வரம்பை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று பிரிவுகளின் வரம்பையும் வீவக இணையத்தளத்தில் பாருங்கள். மாதந்தோறும் நிலவரம் மாறும்.
- உரிமையாளர்கள் வெவ்வேறு இனத்தவர் என்றால், எந்த இனத்தின்கீழ் பதிவது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். விற்கும் நாளையும் மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.
- நிரந்தரவாசிக் குடும்பங்களுக்குத் தனி வரம்பு உண்டு: பேட்டையில் 5%, புளோக்கில் 8%. மலேசிய நிரந்தரவாசிகளுக்கு அது பொருந்தாது.

கேள்வி எங்கே நிற்கிறது?

பக்கத்து வீட்டில் மலாய்க்காரர், எதிர் வீட்டில் சீனர், ஒரே மின்தூக்கி, ஒரே காப்பிக்கடை. இது தானாக அமையவில்லை. துணைப் பிரதமராக இருந்தபோது திரு. தர்மன் சண்முகரத்னம் 2015இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: மக்கள் வாழ்க்கையில் மிக அதிகமாகத் தலையிட்ட கொள்கையே மிக முக்கியமானதாகவும் அமைந்தது என்றார் அவர்.

அந்தக் கலப்பின் பலன் எல்லாருக்கும் கிடைக்கிறது. செலவு மட்டும் எல்லார் மேலும் விழுவதில்லை. தனியார் கொண்டோ வாங்குபவருக்கு இந்த வரம்பே கிடையாது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில், வீட்டை விற்கும் சிறுபான்மைக் குடும்பம்தான் அதைத் தன் சேமிப்பிலிருந்து கட்டுகிறது. கலந்து வாழ வேண்டுமா என்பதல்ல இப்போதைய கேள்வி. அதற்கான விலையை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதுதான்.