எல்லாச் சட்டையும் ஒரே ஆணியில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் ஒரு ஃபைலும் அரை கிலோ மிக்ஸருமாக வந்து இறங்கினான். மிக்ஸரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, காரியம் பெரிசு என்று. சாதாரண காரியத்துக்குக் கால் கிலோதான் வாங்கி வருவான்.

ஒரகடத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஷெட் போட்டிருக்கிறான். ஐந்து பிரஸ், இருபத்தாறு பேர். கார் கதவுக்குள் போகிற உள்ளங்கை அகலத் தகடு ஒன்றை அடித்துக் கொடுக்கிறான். கார் வாங்குகிறவர் ஆயுசில் ஒரு முறைகூட அதைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அது வராவிட்டால் காரே வராது.

"மாமா, ஆடிட் வருது. கன்டின்ஜன்சி பிளான் கேப்பாங்க. நீங்கதான் வாராவாரம் இல்லாததையெல்லாம் எழுதறீங்களே, எனக்கும் ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க!"

பாராட்டா, குத்தலா என்று யோசிப்பதற்குள் ஃபைலைப் பிரித்துவிட்டான்.

மோட்டார் தொழிலில் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று ஒரு தரச் சான்றிதழ் உண்டு. அது இல்லாவிட்டால் பெரிய கம்பெனி வாசல் வாட்ச்மேன்கூட மதிக்கமாட்டார். மிஷின் படுத்தால், கரண்ட் போனால், தீப்பிடித்தால், ஆள் வராவிட்டால், வெள்ளம் வந்தால் எப்படித் தொடர்ந்து சப்ளை செய்வாய் என்று எழுதி வைக்கவேண்டும் என்கிறது அது. எழுதினால் மட்டும் போதாது. அவ்வப்போது சோதித்தும் பார்க்கவேண்டும்.

என் மைத்துனன் ஒரு சிநேகிதனின் பிளானை வாங்கிக் கம்பெனி பேரை மட்டும் மாற்றியிருந்தான். 'சுனாமி எச்சரிக்கை வந்தால் ஊழியர்கள் அனைவரும் இரண்டாம் மாடிக்குச் செல்லவும்' என்று இருந்தது. ஒரகடத்திலிருந்து கடல் முப்பது கிலோமீட்டருக்கு மேல். இவன் ஷெட்டில் முதல் மாடியே கிடையாது.

"பேரை மூணு இடத்தில மாத்த விட்டுட்டே" என்றேன். அசடு வழிந்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். 2015 டிசம்பர்ல என்ன ஆச்சு, சொல்லு."

மிக்ஸர் மெல்லுவதை நிறுத்தினான்.

அந்த டிசம்பர் 1-ம் தேதி மழை ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. ஹூண்டாய், ரெனோ-நிஸான், ராயல் என்ஃபீல்ட் என்று அந்த வட்டாரத்து ஜாம்பவான்களே உற்பத்தியை நிறுத்தினார்கள். இவன் ஷெட்டில் இரண்டடித் தண்ணீர். டை எல்லாம் தரையில் இருந்தது. டை என்றால் தகட்டுக்கு உருவம் கொடுக்கிற இரும்பு அச்சு, லட்சக்கணக்கில் விலை. அதன் டிராயிங் எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில்!

"பதினோரு நாள் ஷெட்டைத் திறக்கலை. அவங்களும் நிறுத்தினதாலதான் மாமா நான் பிழைச்சேன். அவங்க லைன் ஓடி, நான் மட்டும் நின்னிருந்தா டெபிட் நோட்டு போட்டே கொன்னிருப்பாங்க."

அதே வெள்ளத்தில், 1878-ல் தொடங்கிய 'தி ஹிந்து' தன் சரித்திரத்திலேயே முதன்முறையாக டிசம்பர் 2-ம் தேதி சென்னையில் அச்சாகவில்லை. அச்சகம் இருந்தது மறைமலை நகரில். ஊழியர்களால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. மிஷினைக் காப்பாற்ற எல்லோரும் திட்டம் போடுகிறோம். மிஷினிடம் வந்து சேரவேண்டிய ஆளை மறந்துவிடுகிறோம்.

நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாலு கோடு போட்டேன். எது நின்றால் நீ நிற்பாய்? எத்தனை நாள் தாங்குவாய்? அதற்கு மாற்று என்ன? யாருக்கு முதலில் போன் செய்வாய்?

"சுனாமி வேண்டாம். உன் ஷெட்டைப் பற்றி மட்டும் எழுது."

கரண்ட் என்று எழுதினான். ஜெனரேட்டர் இருக்கிறது. டை என்று எழுதினான். இப்போது மார்பளவு உயரத்தில் ஸ்டாண்ட் போட்டிருக்கிறான், டிராயிங்குக்கு வெளியே ஒரு பிரதி இருக்கிறது, அவசரமென்றால் அம்பத்தூரில் இன்னொரு பட்டறை அடித்துத் தரும். பரவாயில்லை. அடுத்தது ஃபிட்டர். டையை மாற்றிப் பொருத்துகிற சூட்சுமம் ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே ஒருவர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு முட்டிவலி.

"இன்னும் ரெண்டு பசங்களுக்குக் கத்துக் குடுக்கச் சொல்லணும்."

"அடுத்து, கஸ்டமர். பத்து ரூபாய் வியாபாரத்தில ஒரே இடத்திலேர்ந்து எவ்வளவு வருது?"

"எட்டரை" என்றான் பெருமையாக.

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். 2000 மார்ச் 17-ல் அமெரிக்காவில் அல்புகர்க்கி என்ற ஊரில், பிலிப்ஸின் சிப் தொழிற்சாலையில் இடி விழுந்து தீ. பத்தே நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசியே இருக்கக்கூடாத அறைகளில் புகை புகுந்துவிட்டது. அந்த சிப்பை நம்பி இரண்டு செல்போன் கம்பெனிகள் இருந்தன. நோக்கியா உடனே ஆட்களைக் கிளப்பி மாற்று ஏற்பாடுகளைத் தேடிப் பிடித்தது. எரிக்ஸனுக்கு மாற்று இல்லை. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர். அடுத்த வருஷமே தன் செல்போன் வியாபாரத்தை சோனியோடு சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து நிர்வாகப் பாடப் புத்தகங்களில் நோக்கியாதான் உதாரண புருஷன்.

அந்த நோக்கியாதான் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து 2006-ல் உற்பத்தி தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். அவர்களை நம்பி பஸ், ஹாஸ்டல், டீக்கடை. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. வரி வழக்கில் சொத்து முடங்கியிருந்ததால், செல்போன் வியாபாரத்தை வாங்கிய மைக்ரோஸாஃப்ட் இந்தத் தொழிற்சாலையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. அதே வளாகத்திலிருந்த பாக்ஸ்கானும் டிசம்பரில் அங்கே உற்பத்தியை நிறுத்தியது.

"பேரிடர்னு பேர் வெச்சுக்கிட்டு வராது மச்சான். சில சமயம் கோர்ட் கட்டு மாதிரி வரும்."

"அப்ப எல்லாருமே காலியா மாமா?"

இல்லை. அதே வளாகத்தில் சார்ஜர் செய்துகொண்டிருந்த சால்காம்ப் என்ற கம்பெனிக்கு வேறு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். பூட்டிக் கிடந்த அந்த நோக்கியா தொழிற்சாலையை சால்காம்ப்பே எடுத்துக்கொள்கிறது என்று 2019-ல் அறிவிப்பு வந்தது! எல்லாச் சட்டையையும் ஒரே ஆணியில் மாட்டாதவன், ஒரு நாள் அந்தச் சுவரையே வாங்குகிறான்.

மைத்துனன் தாளில் 'கஸ்டமர்' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டான். "வருஷத்துக்கு ஒரு ரூபா வீதம் வேற இடத்துக்கு மாத்தணும். உடனே முடியாது" என்றான். நியாயமான பேச்சு. "அவ்வளவுதானே?" என்று பேனாவை மூடினான்.

சமையலறை வாசலிலிருந்து என் மனைவி, "உன் பேரை எழுதுடா" என்றாள்.

"எதுக்குக்கா?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் பதினான்கு நாள் ஆக்ஸிஜனில் கிடந்தான். செக்கில் கையெழுத்து இவனுடையது மட்டும். வங்கி அனுப்புகிற ஓ.டி.பி. வருகிற போன், வார்டில் இவன் தலைமாட்டில். ஏழாம் தேதி ஷெட்டில் சம்பளம் இல்லை. கணக்கில் பணம் இருந்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை. ஊரடங்கில் இருபத்தாறு குடும்பம். ஆளுக்கு நாலாயிரம் கொடுத்தது என் மனைவியின் வளையல். அடகு வைத்துவிட்டு, 'வளையல் டைட்டாக இருந்தது, கழற்றிட்டேன்' என்றாள் என்னிடம். ஒரு வாரம் நம்பினேன்.

மைத்துனன் பேனாவைத் திறந்து ஐந்தாவது வரியில் 'நான்' என்று எழுதினான். எத்தனை நாள் தாங்கும் என்ற இடத்தில் வெகுநேரம் எதுவும் எழுதவில்லை. அப்புறம் '0' போட்டான்.

மறுவாரமே அவன் மனைவிக்கும் வங்கியில் கையெழுத்து அதிகாரம் கொடுத்தாயிற்று. நாலு பக்கம் கேட்டவனுக்கு ஒரே பக்கத்தில் பிளான் முடிந்தது. சோதித்துப் பார்க்கவேண்டுமே! போனை அணைத்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். குழந்தையை முதல் நாள் ஸ்கூலில் விட்ட தாயார் மாதிரி ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தான். இரண்டாம் நாள் மாலை அவன் மனைவியிடமிருந்து எனக்குப் போன்.

"மாமா, லோடு ஏத்தி அனுப்பியாச்சு. டை மாத்தினது அந்த சின்னப் பையன். ஒண்ணுதான் தெரியலை. டீக்கடைக்காரர் வந்து நிக்கறார். அவருக்கு வாரா வாரம் யார் பணம் குடுக்கறதுன்னு பிளான்ல எழுதவே இல்லையே?"

ஆறாவது வரியும் எழுதியாயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளைத்தாள் இருக்கும். ஐந்தாவது வரியை முதலில் எழுதுங்கள்.